மரத்தில் என்எஃப்சி விசிட்டிங் கார்டு ஆர்டர் கொடுக்கிறவர்கள் கவனத்திற்கு

மரத்தில் விசிட்டிங் கார்டு, மேலே லேசரில் செதுக்கிய டிசைன், உள்ளே என்எஃப்சி சிப், போனில் தொட்டால் நம் விவரம் திறக்கும் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொட்டுகிறது. பொருள் நல்ல பொருள்தான். கோவையில் மரவேலைப் பட்டறை நடத்தும் எனக்கு இதைவிடப் பொருத்தமான கார்டு கிடையாது. நான் வாங்கிய இடத்தில்தான் கோளாறு. புகார் நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை இந்தத் தொழிலில் யாரும் செய்யலாம், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சாம்பிள் அருமையாக வந்தது. மேலே வால்நட் வெனீர், அதாவது ஒட்டும் மெல்லிய மரத்தகடு, நடுவில் மெல்லிய கோட்டில் சிக்குக் கோலம். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் தொட்டவுடன் திறந்தது. உள்ளே என்டேக் 216 சிப். கார்டு ஒன்றுக்கு 320 ரூபாய் என்று பேசி 100 கார்டு சொன்னேன். பாதி அட்வான்ஸ், மீதி அனுப்பும் முன். மீதிப் பணம் வாங்குவதற்காக, "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு சார்" என்று ஒரு வீடியோவும் அனுப்பினார்கள்.

பெட்டியைத் திறந்ததும் கருகிய வாடை. எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் கரி. செதுக்கிய பிறகு துடைக்கக்கூட இல்லை. மரமும் வால்நட் இல்லை, ஏதோ வெளிறிய மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மரத்தோடு பிழைக்கிறவனிடமே இது! அந்த மரத்தில் கோடு எடுபடவில்லை போல, லேசரின் பவரைக் கூட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, நான் கேட்காத ஒரு பார்டரைக் கார்டின் நாலு ஓரத்திலும் ஆழமாக ஓட்டியிருந்தார்கள்.

அந்தப் பார்டர்தான் வினை. இந்தக் கார்டுக்குள் பேட்டரி கிடையாது. கொசுவர்த்திச் சுருளைச் செவ்வகமாக நசுக்கியதுபோல ஒரு மெல்லிய செம்புக் கம்பி ஓரத்தை ஒட்டிச் சுற்றி வரும், அதுதான் ஆன்டெனா. போன் 13.56 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் அலையிலிருந்து அந்தச் சுருள் மின்சாரம் எடுத்துச் சிப்புக்குக் கொடுக்கிறது. அதற்கு மேலே இருக்கும் வெனீர் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதே ஓரத்தில் லேசரை ஆழமாக விட்டால் என்ன ஆகும்? மரம் எரிகிறது, பசை கருகுகிறது, கம்பி விட்டுப்போகிறது. ஒரு இடத்தில் அறுந்தாலே போதும், சிப் நன்றாக இருந்தும் கார்டு வெறும் மரத்துண்டுதான்.

செத்த கார்டு ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பார்டர் பள்ளத்தில், கரிக்கு நடுவே செம்பு மினுங்கியது. மூன்றில் ஒரு பங்கு கார்டுகள் இப்படி மொத்தமாகச் செத்திருந்தன. இன்னும் சில, லேசாக வளைத்துப் பிடித்தால் திறக்கும், விட்டால் திறக்காது. அப்புறம் அந்த டெஸ்ட் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதில் இருந்ததெல்லாம் டிசைன் எதுவும் இல்லாத மொட்டைக் கார்டுகள்! செதுக்குவதற்கு முன்னால் டெஸ்ட் பண்ணிவிட்டு அதைக் காட்டி மீதிப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள்.

கேட்டால் முதலில் "போன் கவரைக் கழட்டிப் பாருங்க சார்" என்றார்கள். பிறகு "மரம் இயற்கைப் பொருள், அப்படி இப்படித்தான் இருக்கும்." கடைசியில், அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.

இதோடு விட்டிருந்தால் மட்டமான வேலை என்று போயிருப்பேன். வேலை செய்த கார்டுகளில் இருந்ததுதான் அசல் ஏமாற்று. தொட்டால் என் விவரம் நேராகத் திறக்கவில்லை. அவர்களுடைய தளம் திறந்து, அவர்கள் விளம்பரம் வந்து, அதற்குக் கீழே என் பெயர். இந்தச் சிப்பைத் தயாரிக்கும் என்எக்ஸ்பி நிறுவனத்தின் டேக்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது 216 இல்லை, 213. முன்னதில் 888 பைட் இடம் உண்டு, பின்னதில் 144 பைட்தான். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும்; எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள்தான். 'கோயம்புத்தூர்' என்ற சொல்லுக்கே 39 பைட் போய்விடும். பெயர், பட்டறை, முகவரி எல்லாவற்றையும் தமிழில் 144-இல் அடைக்கவே முடியாது. அதனால் மலிவான சிப்பைப் போட்டு, விவரத்தைத் தங்கள் தளத்தில் வைத்து, அந்த இணைப்பை மட்டும் சிப்பில் எழுதிவிட்டார்கள். சரி, நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தால் நிரந்தரமாகப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். இந்தச் சிப்பில் அந்தப் பூட்டை ஒருமுறை போட்டால் போட்டவராலேயே திறக்க முடியாது.

வாங்கியே தீருவது என்றால், மீதிப் பணத்துக்கு முன், செதுக்கி முடித்த கார்டுகளைப் போனில் வைக்கும் வீடியோவைக் கேளுங்கள். சிப்பின் வகை எண்ணையும், பூட்டக் கூடாது என்பதையும், எந்த இணைய முகவரியை எழுத வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி வையுங்கள். ஆழமான வேலைப்பாடு எதுவும் ஓரத்துக்குப் போக வேண்டாம்.

1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 'வணிகத்துக்காக வாங்கியவர், நுகர்வோர் அல்ல' என்று அதற்குக் கடைக்காரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரை நுகர்வோராகவே கொள்ள வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதை எடுத்துக்காட்டிப் பதில் போட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவே அவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ஓராண்டு முடிந்ததும் 'சர்வர் கட்டணம்' கட்ட வேண்டுமாம், இல்லையென்றால் என் பக்கம் நின்றுவிடுமாம். பேரம் பேசியபோது இந்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டப் போவதில்லை. அந்தச் செய்தியையும் புகாரோடு சேர்த்துவிட்டேன்.