நரசிங்கம் ரோட்டில் சிம் ரூட்டர்: வேகம் சரி, கிளம்பத்தான் மக்கர்

எங்கள் ஜெராக்ஸ் கடை மதுரை ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போகிற வழியில், யானைமலைக்கு அடியில் இருக்கிறது. ஃபைபர் கேபிள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அதனால் சிம் போட்டு ஓடும் 4ஜி ரூட்டர் வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

டவுன்லோடு வேகத்தில் குறையே இல்லை. பட்டா, வருமானச் சான்று எல்லாம் மளமளவென்று இறங்குகிறது. எரிச்சல் வேறு இடத்தில். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு கிளிக் செய்தால் பக்கம் திறக்காமல் முழிக்கும். அடுத்த கிளிக் பறக்கும். கஸ்டமர் கேரில் கேட்டால், "பிரவுசர் ஹிஸ்டரிய அழிச்சிட்டுப் பாருங்க மேடம்" என்கிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உண்மையான காரணம் இதுதான். சில நொடிகள் டேட்டா ஓடாவிட்டால் டவர் ரேடியோ இணைப்பைத் துண்டித்துவிடும். நெட்டில் நமக்குக் கொடுத்த எண்ணான ஐபி முகவரி மட்டும் நம்மிடம் இருக்கும். மறுபடி கிளிக் செய்ததும் ரூட்டர் ஒரு சின்ன சிக்னல் அனுப்ப வேண்டும். டவர் பதில் தர வேண்டும். இணைப்பு வேண்டுமென்று இது கேட்க, அது ஒதுக்க, அப்புறம்தான் நம் டேட்டா கிளம்பும். சிக்னல் நன்றாக இருந்தால் இதெல்லாம் கண் இமைக்கும் நேரம். நடுவில் மலை நின்றால் முதல் சிக்னல் டவருக்கு எட்டாது. பவரைக் கூட்டிக் கூட்டித் திரும்ப அனுப்ப வேண்டியதுதான்.

பெட்டியை மாட்ட வந்த தம்பி பில் போடும் மேசைமேல் வைத்தார், பச்சை விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டார். ரூட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவர் சிக்னலின் பலம், -113 (பூஜ்ஜியத்துக்குக் கிட்ட வர வர நல்லது). மாடியில் மலை தெரியாத ஜன்னலுக்கு மாற்றினோம். வேறு டவரைப் பிடித்து -97 ஆனது. முழிப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது.

தீராதது வாட்ஸ்அப் கால். போனில் வோல்ட்இ-யில், அதாவது 4ஜி வழியாகவே போகும் சாதாரண காலில், பேசினால் நெட்வொர்க் அந்தக் குரலுக்கென்று க்யூசிஐ 1 என்ற தனி வழி போட்டுத் தரும். வாட்ஸ்அப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. டவுன்லோடு போகும் பொது வழியில்தான் அதுவும் போக வேண்டும். நான் பெரிய பிடிஎஃப் இறக்கும்போதெல்லாம் வெளியூரில் இருக்கிற என் தம்பியின் குரல் வெட்டி வெட்டி வரும். பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், அதில் கூடுவது டேட்டா அளவு மட்டும்தான்.

வாங்குகிறவர்கள் ஸ்பீட் டெஸ்ட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். -110-ஐவிட மோசமாக, -111, -112 என்று இருந்தால், வந்தவர் இருக்கும்போதே பெட்டியை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். இணைப்புக்கு மூன்றரை ஸ்டார், கஸ்டமர் கேருக்கு ஒன்று.