14 மாதம் உடன் வந்த மாதிரித் தேர்வுப் புத்தகம்: நாலாம் பகுதி என்னும் தலைவலி

போன வாரம் புத்தகத்தின் பைண்டிங் விட்டுப்போனது. பெருவிரைவு ரயிலில் பையிலிருந்து எடுக்கிறேன், மூன்றாம் தேர்வின் தாள்கள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. அதே வாரம்தான் என்னோடு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நானும் கேம்பிரிட்ஜோட சி1 அட்வான்ஸ்ட் இங்கிலீஷ் தேர்வு எழுதலாம்னு இருக்கேன். உங்க புத்தகத்தையே வாங்கவா?" வேலைக்கு நடுவே பதில் சொல்ல முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் 8 வெள்ளிக்கு வாங்கியது. நான்கு முழு மாதிரித் தேர்வுகள், கடைசியில் விடைகள். ஈசூனிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலிலும், இரவு ஷிஃப்ட் முடிந்து கோப்பிக்கடையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் நேரத்திலும்தான் பெரும்பாலும் படித்தேன். ஏன் ஐஇஎல்டிஎஸ் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதவில்லை என்று பலர் கேட்டார்கள். அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். மேற்படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பேன் என்று எனக்கே தெரியாது. கேம்பிரிட்ஜ் சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது, அதனால் இதை எடுத்தேன். (சேரப்போகும் கல்லூரி பழைய சான்றிதழை ஏற்குமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

புத்தகம் நேரத்தைப் பழக்கியது, அதில் குறை சொல்ல மாட்டேன். வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளில் 90 நிமிடத்துக்கு 56 கேள்விகள். முதல் தடவை 11 கேள்விகளைத் தொடவே இல்லை. நான்காம் தேர்வில் 6 நிமிடம் மிச்சம் இருந்தது. கேட்டல் பகுதிக்கு சிடி கொடுத்திருந்தார்கள், என் மடிக்கணினியில் அதைப் போட இடமில்லை. தோழி வீட்டுப் பழைய பிளேயரில் ஓடவிட்டுப் போனில் பதிவு செய்துகொண்டேன். சரி, அது பெரிய விஷயமில்லை.

என்னைப் படுத்தியது அந்த வாசிப்பு, மொழிப் பயன்பாட்டுத் தாளின் நாலாம் பகுதி. ஒரு வாக்கியம் தருவார்கள், கூடவே ஒரு சொல். அந்தச் சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து மூன்றிலிருந்து ஆறு சொற்களுக்குள் அதே பொருளை வேறு விதமாகச் சொல்ல வேண்டும். ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். "டோன்ட்" என்று சுருக்கினால் அது இரண்டு சொல்லாகக் கணக்காகும். "கான்ட்" மட்டும் ஒன்று, "கேனாட்" ஒரே சொல் என்பதால். இந்த விதியைக்கூட நான் வெளியில்தான் தெரிந்துகொண்டேன்.

கோபம் விதியின் மேல் இல்லை, விடைப் பக்கத்தின் மேல். விடையை மட்டும் போட்டுவிட்டு, ஏன் என்று ஒரு வரி கிடையாது. "வித்அவுட் யுவர் ஹெல்ப், ஐ வுட் ஹேவ் ஃபெயில்ட்" என்ற வாக்கியத்துக்கு "பீன்" என்ற சொல் கொடுத்திருந்தார்கள். "இஃப்" என்பதற்கும் "யுவர் ஹெல்ப்" என்பதற்கும் நடுவே நிரப்ப வேண்டும். "யூ ஹேடன்ட் பீன் கிவிங்" என்று எழுதினேன். விடை "இட் ஹேடன்ட் பீன் ஃபார்". இந்த "இட்" யார்? "ஃபார்" எங்கிருந்து வந்தது? நான்கு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலை, வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்றார். அட, அதுதானே இது! "உங்கள் உதவி மட்டும் இல்லாதிருந்தால்." நாம் தினமும் சொல்வது. அன்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடைக்கும் தமிழில் காரணம் தேடி எழுதுவதே வழக்கமாகிவிட்டது. "வொர்த்" வந்தால் அடுத்து "டூ கம்ப்ளெய்ன்" வராது, "கம்ப்ளெய்னிங்" வரும் என்பதற்கு "முறையிடுவதில் பயன்" என்று எழுதியிருக்கிறேன், "முறையிட" என்று இல்லை. இலக்கண ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களா, தெரியாது. எனக்கு மனதில் நின்றது.

எனக்கு வந்த மதிப்பெண்: வாசிப்பு 192, எழுத்து 184, கேட்டல் 188, பேச்சு 195, மொழிப் பயன்பாடு 176. ஐந்தின் சராசரி 187, தேர்ச்சிக்கு 180 போதும். எந்த இடத்தில் வழுக்கியது என்று பார்த்தாலே தெரியும். காரணத்தையும் அச்சிட்டிருந்தால் அந்த 176 கொஞ்சம் ஏறியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். தனியாக, ஆசிரியர் இல்லாமல், வேலைக்கு நடுவே படிக்கிறவர்கள்தான் இந்த மாதிரிப் புத்தகத்தை வாங்குகிறார்கள். அவர்களிடம் போய் "இதுதான் விடை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

புத்தகம் மட்டும் இல்லையென்றால் நான் தேறியிருக்க மாட்டேன், அது உண்மை. ஆனாலும் தங்கச்சி, நீ இதை வாங்காதே. விடை விளக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கு, இரண்டு மடங்கு விலையானாலும் பரவாயில்லை. என்னுடையதை 12 வெள்ளி கொடுத்து பைண்டிங் போடக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வரும். அதைத் தர மனமில்லை, தப்பாக நினைக்காதே. நாலாம் பகுதிக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, அன்று வீட்டுக்கு வா.