வார்ப்பிரும்பா, காம்போசிட்டா? சரக்கு ரயிலின் பிரேக் கட்டைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சரக்கு ரயில் என்றதும் பிரேக் கிரீச்சிடுவதைத்தான் சொல்வார்கள். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பிரேக் போடாமல் ஓடும்போது எழும் இரைச்சல்.

காரணம், பிரேக் போடும்போது சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் வார்ப்பிரும்புக் கட்டை. அழுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் ஓடுபரப்பை, அதாவது தண்டவாளத்தில் உருளும் பகுதியை, சொரசொரப்பாக்கிவிடும். அப்புறம் சக்கரமும் தண்டவாளமும் அதிர்ந்துகொண்டே போகும். பிசினோடு பல பொருள்களைக் கலந்து செய்த காம்போசிட் கட்டை அந்தப் பரப்பை வழவழப்பாக வைக்கிறது. 8 முதல் 10 டெசிபல் குறையும், காதுக்கு ஏறக்குறையப் பாதிச் சத்தம். பாதி வேகன்களுக்கு மட்டும் மாற்றினால் பலன் சொற்பம்தான்.

பாதுகாப்பில் கணக்கு வேறு. வார்ப்பிரும்பு மலிவு, சூட்டையும் ஓரளவு தானே வாங்கிக்கொள்ளும். வேகத்தில் அதன் பிடி குறைவு, நிற்கப்போகும்போது கூடும். காய்ந்த லாலாங் புல்லில் தீப்பொறி விழுகிற கவலையும் உண்டு. காம்போசிட்டின் பிடி எந்த வேகத்திலும் ஏறத்தாழ ஒரே சீர். ஆனால் அது சூட்டைச் சரியாகக் கடத்தாது. எல்லாம் சக்கரத்துக்கே போகும். பிரேக் விடுபடாமல் இழுத்தபடி ஓடினால் ஓடுபரப்பில் வெடிப்பு விழலாம்.

காம்போசிட்டிலும் இரண்டு வகை. கே கட்டைக்கு உராய்வு அதிகம். பிரேக் அமைப்பையே மாற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். எல்எல் கட்டையைப் பழைய வேகனில் பெரிய மாற்றமின்றிப் பொருத்தலாம். ஆனால் சக்கரத்தின் ஓடுபரப்பிலுள்ள சாய்வு தேய்ந்து மாறும். அளக்காமல் விட்டால் வேகன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

சுவிட்சர்லாந்து 2020இல் வார்ப்பிரும்புக் கட்டையைத் தடை செய்தது. என்னைக் கேட்டால் புது வேகனுக்கு கே, பழசுக்கு எல்எல். ஆனால் சக்கரம் அளக்க ஆள் இல்லாத பட்டறை எல்எல்லைத் தொடாமலிருப்பதே நல்லது.