ஹட்டன் குளிரில் ஒரு டிசைன் மேசை: நீண்டகாலப் பாவனை அனுபவம்

இந்த மேசையில் இருக்கிற சாமான்களில் பெரும்பாலானவை 2019 கடைசியில் வாங்கியவை. ரைசன் 5 3600 ப்ரொசெசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட், டெல் யு2415 மொனிட்டர், பேனாவால் வரைவதற்கு வாக்கொம் இன்டுவோஸ் மீடியம் டெப்லட், கரண்ட் போனால் பெட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக விலை கேட்டு வாங்கி, மொனிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன். வேலை என்றால் கோயில் திருவிழா நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், பூப்புனித நீராட்டு விழா பேனர், டியூஷன் போஸ்டர், மூன்று மொழியிலும் கடைப் பெயர்ப்பலகை. அப்புறம் கொழும்பிலிருந்து இணையவழியில் வரும் பெக்கேஜிங் வேலைகள் கொஞ்சம்.

ப்ரொசெசரை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இன்றைக்கும் போதும். பெரிய பேனர் ஒன்றை போட்டோஷொப்பில் திறந்தால் கொஞ்சம் யோசிக்கும். அதற்கு ரேம்தான் மருந்து. 16 ஜிபியை 32 ஆக்கியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்தக் குளிரில் விசிறிச் சத்தம்கூடக் கேட்பதில்லை. கொழும்பு நண்பர்கள் சூடு தணிக்கத் தண்ணீர்க் கூலர் வாங்குகிறார்கள், எங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் சரி.

கணினி விமர்சனங்களில் வேகம் பற்றி விலாவாரியாக இருக்கும். கரண்ட் விழுந்து எழும்பும்போது என்ன ஆகும், ஆனி, ஆடி மழையில் அறைக்குள் மூடுபனி வந்து உட்காரும்போது என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்காது. மலையகத்தில் சாமான்களைத் தின்பது இந்த இரண்டும்தான். காசையும் முதலில் இவற்றுக்குத்தான் ஒதுக்க வேண்டும் என்பது என் முடிவு.

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் லக்சபான மின்நிலையங்களும் இருப்பது எங்கள் பக்கத்தில்தான். விளக்கடியில் இருட்டு என்பது போல, எங்கள் லைனில் வோல்டேஜ் ஆடுவதற்குக் குறைவில்லை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டில் மின்பாவனை உச்சத்தில் இருக்கும் நேரம். டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அந்த நேரத்தில் 230 வோல்ட் வந்து சேர்வதில்லை. யூபிஎஸ்ஸுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கும். குறைந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க உள்ளே ரிலே மாறுகிற சத்தம் அது. பயப்பட ஒன்றுமில்லை. கணினியின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் ரகமா என்று மட்டும் அதன் லேபலில் பார்த்து வாங்குங்கள். 200க்குக் கீழே தாங்காத மலிவு ரகங்களும் விற்கின்றன.

வோல்டேஜைவிடப் பெரிய விஷயம் எர்த். பழைய தோட்டத்து வீடுகளிலும் லயங்களிலும் உருண்டைக்கால் பிளக் பொயின்ட்தான் இருக்கும். எர்த் துளை இருந்தாலும் பின்னால் வயர் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு கூச்சம் வந்தது. எலக்ட்ரீசியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்க வீட்டு எர்த் கம்பி எங்கயுமே போகல" என்றார். பவர் சப்ளையின் பில்டரில் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த் வழியே போய்விட வேண்டும். வழி இல்லாவிட்டால் பெட்டியிலேயே நிற்கும். ஆளைக் கொல்லும் அளவு இல்லை. ஆனால் டெப்லட்டின் பேனா முனை காரணமில்லாமல் நடுங்கியதும் அதோடு சேர்ந்த தொல்லைதான் என்று பிறகு தெரிந்தது. தோட்டத்து ஈர மண்ணில் எர்த் ரொட் இறக்கிய அன்றே இரண்டும் நின்றன. இந்த மேசைக்காகச் செய்த செலவுகளில் மிகவும் பிரயோசனமானது அந்தக் கம்பிதான். அதைப் போட்டோ எடுத்துக் காட்டிப் பெருமைப்பட முடியாது என்பது மட்டும்தான் குறை.

யூபிஎஸ் கணக்கு சுலபம். சாதாரண யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பெட்டரி. காகிதத்தில் 84 வாட் மணி. கணினியும் மொனிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுத்தால் அரைமணி நேரம் நிற்க வேண்டும் என்று தோன்றும். நிற்காது. வேகமாக உறிஞ்சும்போது இந்த வகை பெட்டரி முழுச் சக்தியையும் தராது, மாற்றித் தரும்போதும் கொஞ்சம் வீணாகும். கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைலைச் சேமித்து ஒழுங்காக மூடுவதற்கான நேரம் அவ்வளவே.

2022இல் இது விளங்காமல் நிறையப் பேர் பெட்டரியைப் பறிகொடுத்தார்கள். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. லெட் ஆசிட் பெட்டரியை அடிவரை இறக்கி, திரும்ப நிரம்ப நேரம் கொடுக்காமல் மறுபடி இறக்கினால் சில வாரங்களில் செத்துவிடும். புதிது வாங்கலாம் என்றால், 200 ரூபாய் மட்டத்தில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஐத் தொட்டுவிட்டது. கணினிச் சாமான் விலையெல்லாம் அதோடு ஏறியது. அந்த மாதங்களில் வேலையை இழுத்தது ஒரு பழைய, செகண்ட் ஹேண்ட் லெப்டொப். கரண்ட் இருக்கும்போது கணினியில் பெரிய வேலை, இல்லாதபோது லெப்டொப்பில் எழுத்து அடுக்குவதும் திருத்தமும் என்று பிரித்துக்கொண்டேன். ரவுட்டருக்கு மட்டும் லித்தியம் செல் போட்ட சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். பைபர் இணைப்பு இருந்தால் இது நல்ல முதலீடு. வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி எதுவும் இல்லாததால், ஊரே இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். போன் டவர்கள் அப்படியில்லை, அவற்றின் பெட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போய்விடும்.

இப்போது பாவிப்பது, லைன் கரண்டைப் போலவே சீராக ஏறி இறங்கும் சுத்தமான சைன் அலை தரும் யூபிஎஸ். முன்பு இருந்ததில் கரண்ட் போகும் அந்தக் கணத்திலேயே சில வேளை கணினி அணைந்துவிடும். அப்புறம் எதற்கு யூபிஎஸ்? விலை குறைந்தவை தருவது படிக்கட்டு மாதிரியான அலை. நல்ல ரக பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

மின்னலுக்கு யூபிஎஸ் மருந்து இல்லை. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் இடி இறங்கும். சர்ஜ் புரொடெக்டர் எர்த் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தேய்ந்துகொண்டும் வரும். பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைன் வழியாகவும் மின்னல் வரும். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ரவுட்டர் எரிந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. பைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழி அடைபட்டது. மற்றபடி முழக்கம் கேட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவதுதான் என் முறை.

சரி, ஈரம். ஹட்டனுக்குக் கீழே இருக்கும் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை நேராக வந்து மோதுவது எங்கள் மலைகளில்தான். அறையில் வைத்திருக்கும் ஈரப்பத மீட்டர் அந்த மாதங்களில் இரவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மொனிட்டர், பிரிண்டர் கையேடுகளில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று போட்டிருப்பதைப் படித்துச் சிரிப்பதைத் தவிர வழியில்லை.

தினமும் ஓடும் கணினிக்கு ஈரம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தன் சூட்டிலேயே அது காய்ந்துகொள்கிறது. கெடுவதெல்லாம் சும்மா இருப்பவைதான். கெமரா லென்ஸில் பூஞ்சை. ஸ்கேனர் கண்ணாடியின் உள்பக்கம் மங்கல். பிரிண்டர் தாள் ஈரம் குடித்து வளைந்து, இரண்டு இரண்டாக இழுபடும். நிற மாதிரிப் புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். சில கிழமை ஓடாமல் கிடந்த கணினி சத்தம் மட்டும் போட்டுப் படம் காட்டாமல் நின்றால், ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். பழுதுபார்க்கும் கடையிலும் பெரும்பாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள்.

லென்ஸ், நிறப் புத்தகம், பேக்கப் டிஸ்க் மூன்றும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுத்துத் திரும்பப் போடலாம். அந்தத் தாச்சியைச் சமையலுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: கொம்ப்ரசர் வகை 15 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. நுவரெலியா, ஹட்டன் இரவுகளுக்கு ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகைதான் பொருந்தும். மின்கட்டணத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள், நான் பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

தளபாடத்திலும் ஈரம் கணக்குத் தீர்க்கும். சிப்போர்ட் மேசையின் ஓரம் ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிடும். ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் போட்ட கேமிங் நாற்காலி இரண்டு மழைக்காலத்துக்குள் உரிந்து சட்டையில் ஒட்டத் தொடங்கும். வலைத்துணி நாற்காலியும் தச்சரிடம் சொல்லிச் செய்வித்த மரமேசையும் அப்படியே இருக்கின்றன. கணினிப் பெட்டியின் பின்புறம் காலியாக இருக்கும் இடைவெளிகளையும் தகடு போட்டு மூடுங்கள். உள்ளே சூடு இருப்பது பல்லிகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பல்லி போதும், மதர்போர்ட்டுக்குக் கருமாதி செய்ய. மழை விட்ட இரவுகளில் மொனிட்டர் வெளிச்சத்துக்கு வரும் ஈசலுக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

டெல் யு2415 பற்றி நல்லதைத்தான் சொல்ல முடியும். 24 அங்குலம், 1920க்கு 1200. சாதாரண 1080 மொனிட்டரைவிடக் கூடுதலான அந்த 120 பிக்சல் உயரத்தில் டூல்பார் போக ஏ4 பக்கம் வசதியாக உட்காரும். திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் 99 சதவீதம் காட்டும். அதைவிட அகன்ற நிறவெளி கொண்ட மொனிட்டர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனால் பிளெக்ஸ் பேனருக்கும் ஓப்செட் நோட்டீஸுக்கும் அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். நிறம் அளக்கும் கருவியை ஒரு ஸ்டூடியோ நண்பரோடு சேர்ந்து வாங்கினோம், முறை வைத்துப் பாவிக்கிறோம். கருவி இல்லாதவர்கள் ஒன்றாவது செய்யலாம், வெளிச்சத்தைக் குறையுங்கள். இந்த மொனிட்டர் முழு வெளிச்சத்தில் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை போகும். அச்சு வேலைக்கு 120 போதும். "ஸ்க்ரீனில் பளிச்சென்று இருந்தது, பேனரில் இருண்டுவிட்டது" என்று வரும் முறைப்பாடுகளில் பாதி அங்கேயே தீரும்.

மீதிப் பாதி அறை வெளிச்சத்தில். பனி மூடிய நாளில் ஜன்னல் வெளிச்சம் நீலம் கலந்து சீராக இருக்கும், வெயில் எட்டிப்பார்த்தால் பத்து நிமிடத்தில் மஞ்சளாகிவிடும். அதனால் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி, எதிர்ச்சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். முன்பு அது பச்சைச் சுவர். பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தின் நிறத்தைத் திருத்தினால் மணப்பெண் எப்படி வருவாள் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண எல்இடி பல்பின் கீழ் சிவப்பு மங்கித் தெரியும், குங்குமமும் பட்டுச்சேலையும் இல்லாத வேலை எங்களிடம் ஏது? நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவான சிஆர்ஐ 90க்கு மேல் என்று பெட்டியில் போட்ட, 5000 கெல்வின் பல்பைத் தேடி வாங்குங்கள். அச்சுப் பிரதியை அதன் கீழ் வைத்துப் பார்க்கலாம்.

வாக்கொம் டெப்லட்டின் பேனாவுக்கு சார்ஜ் தேவையில்லை என்பது 2022இல் பெரிய ஆறுதலாக இருந்தது. சொரசொரப்பான பலகையில் முனை தேய்வது இந்த வகை டெப்லட்டுகளின் இயல்பு. கோபுரச் சிற்பங்களை நுணுக்கமாக வரைந்தால் இன்னும் சீக்கிரம் தேயும். மாற்று முனை இணையத்தில் வரவழைக்க நாளாகும் என்பதால், புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலோன் நூலில் சரியான தடிப்புள்ளதை வாங்கி, துண்டு வெட்டி, நுனியைத் தேய்த்து உருட்டிப் பாவிக்கிறேன். தோட்டச் சாமான் விற்கும் கடை எந்த டவுனிலும் உண்டு.

கீபோர்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விசைகளில் மூன்று மொழி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, தமிழ் ரங்கநாதன் விசை அமைப்பில். என் விரல்களோ பாமினி என்ற இன்னொரு விசை அமைப்புக்குப் பழகியவை. ஆகவே ஸ்டிக்கர் வெறும் அலங்காரம். யூனிகோடில் வேலை செய்கிறவர்கள் போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் டைப் அமைப்புக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தெரிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும்.

பேக்கப் இரண்டு பிரதி. ஒன்று வீட்டில், மற்றது கண்டியில் அக்கா வீட்டில். மண்சரிவு எச்சரிக்கை வரும் மாவட்டத்தில் எல்லாப் பிரதியையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதில் அர்த்தமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பல இடங்களில் கரண்டும் இணைப்பும் நாட்கணக்கில் இல்லை. கிளவுட்டில் வைத்தவர்களும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. பேக்கப்புக்கு எஸ்எஸ்டி வேண்டாம், சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியில் தரவு கரையக்கூடும். கண்டிக்குக் கொண்டுபோய் வரும்போதும் குளிர்ந்த டிஸ்க்கையோ லெப்டொப்பையோ சூடான ஊரில் உடனே திறக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். பையிலேயே அரைமணி நேரம் கிடக்கட்டும்.

புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்ன வாங்கலாம் என்று கேட்பார்கள். கையில் காசு குறைவென்றால் செகண்ட் ஹேண்ட் பிஸ்னஸ் லெப்டொப் ஒன்று, அதோடு 99 சதவீத எஸ்ஆர்ஜிபி மொனிட்டர் ஒன்று. டெப்லட் பிறகு வாங்கலாம். வாங்குவதற்கு முன்னால் வீட்டு எர்த்தைப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் எடுத்தால் பெட்டரி மாற்றும் திகதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் போனதை நம்பி இரவு வேலைக்கு உட்காராதீர்கள்.