கழற்றாத டீசல் பம்புக்கு 186,500 ரூபாய்: பழைய கெப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

என் பழைய கெப் வாகனத்தில் எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்பைக் கழற்றித் திருத்திப் பூட்டியதாகச் சொல்லி என்னிடம் 186,500 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பம்பை இறுக்கியிருக்கும் பின்பக்க நட்டின் மேல் ஒரு குளவிக்கூடு இருக்கிறது. 2022ஆம் ஆண்டு டீசல் கிடைக்காமல் வாகனம் முற்றத்தில் கிடந்த நாட்களில் கட்டிய மண்கூடு அது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அம்மா சொன்னதால் அதை உடைக்காமல் விட்டிருந்தேன். பம்பைக் கழற்றுவதென்றால் அந்த நட்டைக் கழற்றியே ஆகவேண்டும். கூடோ ஒரு பொருக்குக்கூட உதிராமல் நேற்று மாலையும் அதே இடத்தில் இருந்தது.

என்னுடையது 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின் பூட்டியது. களுவாஞ்சிக்குடியில் ஆலையிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றி மட்டக்களப்பு நகரக் கடைகளுக்கும், கிழமைக்கு இரண்டு தடவை ஓட்டமாவடி வரைக்கும் கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். ஓட்டமாவடிக்குப் போய்வந்தால் ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அப்பா ஓட்டிய காலத்திலிருந்தே லீற்றருக்கு 10 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடிய வாகனம், சென்ற மாரி வெள்ளத்துக்குள் இரண்டு மூன்று நாள் இறங்கி எழும்பியதன் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து 6.4 கிலோமீற்றருக்கு வந்துவிட்டது. மேடு பள்ளமில்லாத கரையோர வீதியில் 12 லீற்றரில் முடிந்த ஓட்டத்துக்கு 18, 19 லீற்றர் ஊற்ற வேண்டியிருந்ததால், ஒரு நாள் கூலியில் பாதி பெற்றோல் செட்டிலேயே கரைந்தது.

போன இடத்தின் பெயரை எழுதவில்லை. நகரத்துக்கு வெளியே பிரதான வீதியோரமாக, தரைக்கு டைல்ஸ் பதித்து, கணினிப் பரிசோதனை என்று பதாகை தொங்கவிட்டிருக்கும் கராஜ் வகையில் ஒன்று. முதலாளிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கதிரை போட்டு இருத்தி, பிளேன்ரீ தந்து, பொனட்டைத் திறந்ததும் எஞ்சினைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணன், என்ன வந்தாலும் இதை மட்டும் வித்துப்போடாதீங்க. அப்பா ஓட்டின வாகனம் எண்டு சொல்றீங்க, நான் என்ட சொந்த வாகனம் மாதிரிச் செய்து தாறன்" என்றார். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். அதன் பிறகு அவர் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன் என்பதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒரு பொடியன் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாரதி இருக்கையில் வைத்து, அதிலிருந்து போன ஒரு வயரை டாஷ்போர்ட்டுப் பக்கம் எங்கோ சொருகினான். திரையில் சிவப்புக் கோடுகள் ஏறி இறங்கின. பம்ப் அளவுக்கு மிஞ்சி டீசலைத் தள்ளுகிறது, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நான்கு நொசில்களும் தேய்ந்துவிட்டன, இப்படியே விட்டால் எஞ்சின் போய்விடும் என்று முதலாளி கோடுகளைத் தொட்டுத் தொட்டு விளங்கப்படுத்தினார். ஸ்கேனுக்கு 6,500, பம்புக்கு 95,000, நொசில்களுக்கு 60,000, கூலி 25,000. மொத்தம் 186,500 ரூபாய். மனைவியின் காப்பை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

ஐந்தாம் நாள் வாகனத்தைத் தந்தார்கள். பழைய நொசில்கள் என்று ஒரு பொலித்தீன் பையும் தந்தார்கள். எஞ்சினைக் கழுவி மினுக்கி வைக்காதது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. இத்தனை காசு வாங்கியவர்கள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர்கள் கழுவாமல் விட்டதுதான் நான் செய்த புண்ணியம்.

டாங்கியை முட்ட நிரப்பி, 214 கிலோமீற்றர் ஓடிவிட்டு, அதே செட்டில் அதே பம்பில் மறுபடி முட்ட நிரப்பினேன். 33.8 லீற்றர் போனது. கணக்குப் பார்த்தால் லீற்றருக்கு 6.3 கிலோமீற்றர். 186,500 ரூபாய் கொடுத்த பிறகு, முன்பு இருந்ததைவிடவும் குறைந்திருந்தது.

முதல் தடவை போனபோது, 500 கிலோமீற்றர் ஓடினால் நொசில் படிந்துவிடும் என்றார்கள். ஓடினேன். இரண்டாம் தடவை, டீசல் சரியில்லை, செட்டை மாற்றுங்கள் என்றார்கள். களுவாஞ்சிக்குடியை விட்டுக் கல்முனைக்குப் போய் நிரப்பினேன். மூன்றாம் தடவை, கச்சான் காற்று எதிர்த்து அடிக்கிறது, அதுதான் இழுவை என்றார்கள். வடக்கே போகும்போது எதிர்க்கும் காற்று திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டல்லவா வரவேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பொடியன் சிரித்தான். நான்காம் தடவை முதலாளியே வந்து, "அண்ணன், உங்கட கால் பாரம்" என்று சொல்லிவிட்டு வேறொரு வாகனத்துக்குக் கீழே குனிந்துகொண்டார். இருபது வருடமாக இதே காலால்தான் மிதிக்கிறேன். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. நேரில் போனால் முதலாளி கொழும்பில் என்றார்கள். அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது.

நேற்று அரிசி இறக்கப் போன இடத்தில் என் முகத்தைப் பார்த்த கடைக்காரர், பக்கத்து ஒழுங்கையில் தகரக் கொட்டிலில் வேலை செய்யும், எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார். எழுபது வயதை அண்டிய மனிதர். எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே, ஓடிவந்து நின்ற வாகனத்தின் நான்கு சில்லுகளுக்கும் கையைக் கொண்டுபோனார். முன் இரண்டையும் தொட்டார். பின் இடது சில்லில் கை வைத்து உடனே எடுத்தார். பின் வலதில் வைக்கவே இல்லை. ஒரு சாண் தூரத்திலேயே வெக்கை அடித்தது. தகரப் பேணியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், சீறியது. "தம்பி, நீங்க பிறேக்கை மிதிச்சுக்கொண்டே ஓட்டமாவடிக்கு வந்திருக்கீங்க" என்றார்.

பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஹான்ட் பிறேக்கை முழுதாக விட்ட பிறகும் வலது சில்லை இரு கையாலும் தள்ளித்தான் கால் சுற்று சுற்ற முடிந்தது. வெள்ளத் தண்ணீர் ஹான்ட் பிறேக் கேபிள்களின் உறைக்குள் போய்த் துருப்பிடித்ததில், இழுத்த கேபிள் திரும்பிப் போகாமல் பிறேக் சூக்களைச் சில்லோடு சுற்றும் டிரம்மோடு அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தட்டையான வீதியில் காலை எடுத்தவுடன் வாகனம் உருளாமல் பொத்தென்று நிற்பதை நானே பல தடவை கவனித்தும், மூட்டைப் பாரம் என்று நினைத்து விட்டிருக்கிறேன்.

பிறகுதான் பொனட்டைத் திறந்தார். வெப்ப ஊசி நடுவுக்கு ஏறுகிறதா என்று கேட்டார்; எஞ்சின் சூட்டைச் சீராக வைத்திருக்கும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சின் சூடேறாமல் டீசலைக் கூடக் குடிக்குமாம். ஏறுகிறது என்றேன். புகைப் பரிசோதனை தேறியதா என்று கேட்டார். தேறியது. பம்ப் அளவுக்கு மிஞ்சித் தள்ளினால் பாரத்தில் ஏற்றத்தில் கரும்புகை கக்கியிருக்க வேண்டும், பின்னால் வருபவன் திட்டியிருப்பான் என்றார். காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டினார். ஆலைத் தூசு கொட்டியது, ஆனால் அது பெரிய குற்றமில்லை என்று திரும்ப வைத்தார். கடைசியாகப் பொலித்தீன் பையைத் திறந்து, உள்ளே இருந்த நொசில்களில் ஒன்றை என் எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அது ஏதோ லொறியினுடையது, நீளமே ஒத்துவரவில்லை. ஸ்கேன் செய்ததைச் சொன்னபோதுதான் அவர் முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்குள்ள கம்பியூட்டரே இல்லையே மனே, அவன் எதைப் பார்த்தவன்?" டாஷ்போர்ட்டில் வயர் சொருகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: சிகரட் பற்றவைக்கும் துளை.

அப்போதுதான் குளவிக்கூடு எனக்கு நினைவு வந்தது. குனிந்து பார்த்தேன், இருந்தது.

இரண்டு கேபிள்களும் மாற்றி, டிரம்களைத் துப்புரவாக்கியதற்கு காக்கா வாங்கியது 17,000 ரூபாய். திரும்பி வரும்போது ஏறாவூர் தாண்டியதும் ஒரு தடவை காலை எடுத்துப் பார்த்தேன். வாகனம் உருண்டுகொண்டே போனது. இன்று காலை நிரப்பிப் பார்த்ததில் லீற்றருக்கு 9.8.

இரவு முதலாளிக்கு வேறொரு இலக்கத்திலிருந்து அழைத்தேன். எடுத்தார். குளவிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, கழற்றும்போது கவனமாக எடுத்து வைத்துத் திரும்ப ஒட்டியிருப்பார்கள் என்றார். நான் படித்தவனில்லை, ஆனால் உதிராமல் குளவிக்கூட்டைக் கழற்றி ஒட்டுகிற கராஜ் எதையும் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பில் இருக்கிறதா என்று அவரே கேட்டார். அவர் தந்தது கொப்பியில் கிழித்த ஒரு தாள். பெயரில்லை, முத்திரையில்லை, 186,500 என்ற எண் மட்டும் இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சொல்கிறேன்: டாங்கி நிரப்பி அளக்காமல் யாரிடமும் போகாதீர்கள், ஓடி நிறுத்தியவுடன் நான்கு சில்லுகளுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாதீர்கள், பழைய டீசலுக்கு ஸ்கேன் என்றால் வயர் எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள், பம்பைக் கழற்ற முன் நட்டுகளில் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள், முத்திரை வைத்த பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தாலும் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

குளவிக்கூட்டை நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டேன். எஞ்சினில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். நாளை காலை 9 மணிக்கு அந்தக் கராஜ் திறக்கும்போது வாசலில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.