படிவம் 6ஏ: சிங்கப்பூரிலிருந்து நிரவி வாக்குச்சாவடி வரை

முதலில் ஒரு விஷயம். வெளிநாட்டில் இருந்துகொண்டே ஊர் வாக்காளர் பட்டியலில் சேர உதவும் இந்தப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் இதை நிரப்பித் தர என்னிடம் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார்கள். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் நாமே கைபேசியில் நிரப்பலாம். துவாஸ் தங்கும் விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு வேகும் நேரத்தில் முடித்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் சேருவதற்கான படிவம் இது. 2011 முதல் இருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரி எந்தத் தொகுதியோ அங்கேதான் பெயர் வரும். எனக்கு அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதியில் உள்ள நிரவி. ஆகவே கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விசாப் பக்கத்தின் நகல் கேட்பார்கள். நம் வேலை அனுமதியை இங்கே பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை என்பதால் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து ஏற்றினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து அம்மா போன் செய்தார். வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கே வந்து, "உங்க மகன் சிங்கப்பூர்லதான் இருக்காரா?" என்று விசாரித்து, பழைய வாக்காளர் அட்டையையும் வாங்கிப் போனாராம். வெளிநாட்டு வாக்காளருக்குப் புது அட்டை தருவதில்லை. சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒருவனின் ஒற்றை ஓட்டுக்காக ஒருவர் வெயிலில் எங்கள் தெருவுக்கு நடந்து வந்திருக்கிறார். அந்த மரியாதைக்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மதிப்பெண் குறைவது அடுத்த கட்டத்தில். பட்டியலில் சேர்வதை இங்கிருந்தே செய்யலாம், ஓட்டுப் போட நேரில்தான் போக வேண்டும். பதிலாள் மூலம் போடலாம் என்ற மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே மறு வருஷம் காலாவதியானது. சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தால் 2023 அதிபர் தேர்தலிலிருந்து தபாலில் ஓட்டுப் போட முடிகிறது. எனக்கோ திருச்சி போய் வர விமானத்துக்கு 420 வெள்ளி, நான்கு நாள் விடுப்பு ஆனது. விடுதியில் என்னோடு இருக்கும் பலருக்கு அது பாதி மாதச் சேமிப்பு.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. முந்தின நாள் திருச்சியில் இறங்கி தஞ்சாவூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாகப் பேருந்து. தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்கும் வாஞ்சூர் எல்லை தாண்டியதும் மனசு லேசானது. காலையில் அம்மாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். என் பெயர் பட்டியலின் கடைசியில், வெளிநாட்டு வாக்காளர் பகுதியில் தனியாக இருந்தது. அலுவலர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கி, விரலில் மை வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்ததும் அந்த மையைப் பார்த்துவிட்டு, திருவாரூர்க்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: "ஏண்ணே, உங்க புதுச்சேரியிலதான் முதலமைச்சர், எம்.எல்.ஏ எல்லாம் இருக்காங்களே, அப்புறம் எதுக்கு மாநில அந்தஸ்து வேணும்கிறீங்க?"

நல்ல கேள்வி. அவர் ஊரும் என் ஊரும் ஒரே வயல்வெளி, ஒரே காவிரித் தண்ணீர். ஆனால் அவர் போடும் ஓட்டும் நான் போடும் ஓட்டும் ஒன்றில்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் சட்டமன்றத்துக்கு நாங்கள் 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம்: புதுச்சேரி 23, காரைக்கால் 5, மாஹே 1, ஏனாம் 1. அதற்குமேல் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம். புதுச்சேரி அரசைக் கேட்காமலே நியமித்தது செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாருமே ஓட்டுப் போடாத அந்த மூவருக்கும் சபையில் வாக்கு உண்டு. அமைச்சரவை ஒன்று சொல்லி துணைநிலை ஆளுநர் வேறொன்று சொன்னால் விஷயம் டெல்லிக்குப் போகும். நிதிக் குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கும் எங்களுக்கு வராது. டெல்லி தரும் மானியம்தான்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 1963-இல் வந்த யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் கீழ் எங்களோடு சேர்ந்து சட்டமன்றம் பெற்றவை இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா. இமாச்சலம் 1971-இல் மாநிலமானது. மணிப்பூரும் திரிபுராவும் 1972-இல், கோவா 1987-இல். அந்த வரிசையில் நாங்கள் மட்டும் இன்னும் நிற்கிறோம். மாநில அந்தஸ்து கேட்டு எங்கள் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டது, 2023 மார்ச்சிலும் போட்டது. சின்ன ஊர், வருமானம் போதாது, நான்கு துண்டாகக் கிடக்கிறது என்பார்கள். காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போக சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அப்படிச் சிதறிக் கிடப்பதாலேயே எங்கள் காரைக்கால் எம்.எல்.ஏ ஐந்து பேரின் சொல்லுக்கு எடை வேண்டும் என்று நினைக்கிறேன். தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எங்களை வேலைக்கு ஏற்றிப் போகும் லாரி வந்துவிட்டது.

படிவம் 6ஏ-க்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று, நேரில் போக வேண்டியிருப்பதற்கு. காரைக்கால், நாகை, தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் யாராக இருந்தாலும் இப்போதே பதிந்து வையுங்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டதா என்று இணையதளத்தில் தேடிப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால் நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். இதுவரை ஆறு பேருக்குச் செய்திருக்கிறேன், அதில் இரண்டு பேர் திருநள்ளாறு.