ஆறடி பிளைவுட் மீன் தொட்டி: ஐந்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "மரமா? ஒழுகாதா?" என்பதுதான். ஒழுகவில்லை. ஐந்து வருடத்துக்கு மேலாக எங்கள் சென்னை வீட்டுக் கூடத்தில் தண்ணீரோடு நிற்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரால் பலகைக்கு எந்தச் சேதமும் இல்லை. நான் கண்காணிக்க வேண்டியிருப்பது வெளியிலிருந்து வரும் ஈரத்தைத்தான். கட்டுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், கட்டியபின் என்ன ஆகிறது என்று எழுதியவர்கள் குறைவு. அதனால் அதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

அளவு 6 x 2 x 2 அடி. விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர் கொள்ளும், நான் 600 லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐஎஸ் 710 முத்திரையுள்ள 19 மி.மீ. மெரைன் பிளைவுட் இரண்டு ஷீட். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் அடிப்பலகை, பின்பலகை, இரண்டு பக்கப் பலகைகள் கிடைத்துவிடும். இன்னொன்றில் முன்பக்கச் சட்டமும் மேல் சட்டமும். மேல் சட்டத்தை நான்கு பட்டைகளாக ஒட்டாமல், ஒரே பலகையின் நடுவை வெட்டி எடுத்து வளையமாகப் பொருத்தினோம். பக்கங்கள் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்வது இதுதான். முன்பக்கத்தில் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் அரை நூல் (சுமார் ஒன்றரை மி.மீ.) பிதுக்கம் தெரியும். முதல் முறை நிரப்பியபோதும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான்.

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நீளத்தைக் கூட்டினால் அடியில் அழுத்தம் கூடாது, உயரத்தைக் கூட்டினால் கூடும். இரண்டடி உயரத்திலேயே முன்பக்கம் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 340 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. ஆகவே 12 மி.மீ. கண்ணாடியைச் சட்டத்தின் உட்புறத்தில் வைத்துச் சிலிகான் பசையால் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் கண்ணாடியைச் சட்டத்தின் மேல் அழுத்துகிறது, சிலிகான் மேல் சுமை குறைகிறது. வெளியிலிருந்து ஒட்டினால் ஒட்டு மட்டும்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். சிலிகான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள், குளியலறைக்கு விற்கும் ரகம் மீனுக்கு ஆகாது.

தொட்டியின் உயிர் எபாக்ஸி என்ற பிசின் பூச்சில் இருக்கிறது. உள்மூலைகளில் எபாக்ஸியோடு மரத்தூள் குழைத்து வளைவாக நிரப்பி, அதன்மேல் ஃபைபர் துணி ஒட்டி, பிறகு மூன்று பூச்சு. நம் ஊர் வெக்கையில், பிசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்தவுடன் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டு, விடிகாலையில் வேலையை முடிப்பது நல்லது. புழுக்கமான நாளில் பூசினால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் படியும். தண்ணீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த பூச்சு. இதைத் தவிர்த்தால் பூச்சோடு பூச்சு ஒட்டாது, பின்னால் தோலாக உரியும். கடைசிப் பூச்சில் கறுப்பு நிறமி கலந்தேன். வெளிச்சம் பட்டுப் பட்டு எபாக்ஸி மஞ்சளிக்கும், கறுப்பில் அது தெரியவில்லை.

இத்தனை வருடத்தில் ஆஸ்கர் மீன்கள் கூழாங்கற்களைத் தள்ளித் தள்ளித் தரையை உரசியிருக்கின்றன. மங்கலான கோடுகள் உண்டு, மரம் தெரியும் அளவுக்கு எதுவும் இல்லை. சுத்தம் செய்யும்போது இரும்பு பிளேடை மட்டும் மூலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். சிலிகானைக் கீறிவிட்டால், பழைய சிலிகான் மேல் புதியது பிடிக்காது. முழுவதையும் வழித்தெடுத்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும்.

இனி வெளி ஈரம். இழைத்துக் கொடுத்த ஆசாரி அன்றே சொன்னார்: "மரம் நனைஞ்சா கெடாது சார், நனைஞ்சு காயாம கெடந்தாதான் கெடும்." மேல் விளிம்பில் தினமும் தண்ணீர் தெறிக்கிறது, மூடியின் கீழ் ஆவி குளிர்ந்து சொட்டுகிறது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், விளிம்பில் வெள்ளையாகப் படிந்து அந்த இடத்தைக் காயவே விடாது. பைப் நுழையும் ஓட்டையின் உள்வட்டமும் அப்படித்தான். வெட்டுமுகத்தில் அடுக்குகள் திறந்திருப்பதால் பிளைவுட் அங்கேதான் தண்ணீரை உறிஞ்சும். விளிம்பையும் ஓட்டையின் உட்புறத்தையும் தொட்டிக்குள் பூசிய அதே கவனத்தோடு பூச வேண்டும். மாதம் ஒரு முறை விரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். மூன்றாவது வருடம் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சு பொரிந்திருந்தது. காயவைத்துத் தேய்த்துப் பூசியதும் சரியாயிற்று.

கரையானையும் மறக்கக் கூடாது. சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டு, இரும்பு ஸ்டாண்டின் மேல் வைத்திருக்கிறேன். பின்புறம் டார்ச் அடித்துப் பார்க்க அந்த இடைவெளி அவசியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஸ்டாண்ட் இருந்ததால் பலகை நனையவில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் பேட்டரி ஏர் பம்ப் மீன்களைக் காப்பாற்றியது.

மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மார்கழியில் ஹீட்டர் குறைவாகவே எரிகிறது. சித்திரையில் இதே குணம் எதிராகத் திரும்புகிறது, மோட்டார் தரும் சூடு உள்ளேயே தங்கிவிடும். மூடியைத் திறந்து சின்ன ஃபேன் வைத்தால்தான் இறங்குகிறது.

எடை பெரிய வசதி. இதே அளவில் 12 மி.மீ. கண்ணாடித் தொட்டி வெறுமையாகவே 120 கிலோவைத் தாண்டும், இது அதைவிடக் குறைவுதான். ஆனால் தண்ணீரின் கனம் ஒன்றுதானே! மாடியில் வைப்பதென்றால் கட்டட இன்ஜினியரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள், இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப் போல மூன்று மடங்கு இறங்குகிறது.

நாலடி வரைக்கும் போதுமென்றால் சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய்க் கண்ணாடித் தொட்டியே வாங்கிவிடுங்கள். எபாக்ஸி விலைக்கும் உழைப்புக்கும் அந்த அளவில் பிளைவுட் கட்டுப்படியாகாது. ஆறடிக்கு மேல் போகிறவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன். அடுத்து எட்டடியில் ஒன்று கட்டப் போகிறேன், உயரம் மட்டும் இதே இரண்டடிதான்.